பூஜ்ய அறையில் ராஜ வாழ்த்து

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி என்றால் கரை இருக்கும். கரை என்றால் அதன் அடிவாரத்தில், வேறு இடம் கிடைக்காத யாராவது குடியிருப்பார்கள். இந்தக் காட்டில் அப்படிக் குடியிருந்தது செங்கமலம் என்ற அழுங்கு. அழுங்கு தெரியுமல்லவா? உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் போர்த்திக்கொண்டு, எறும்பைத் தேடித் தின்று, யாராவது குரலை உயர்த்தினால் சட்டென்று சுருண்டு பந்தாகிவிடுகிற சாதுப் பிராணி. செங்கமலத்துக்கு ஒரு குட்டி இருந்தது. அழுங்குக் குட்டிகள் தாயின் வால்மேல் ஏறிச் சவாரி செய்யும். இது வாலைவிட்டு இறங்கவே இறங்காது.

காட்டின் முக்கியஸ்தர்களோ ஏரியின் உள்பக்கமாக, தண்ணீரைப் பார்த்தபடி குகை பிடித்திருந்தார்கள். காற்று நன்றாக வரும். சிங்கராஜாவின் குகை அங்கேதான். அதை ஒட்டினாற்போல் நரி மந்திரியின் வளை.

மழைக்காலத்தில் ஏரி நிறைந்தால் மதகைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் முதலில் சிங்கத்தின் குகைக்குள் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அப்போதும் திறக்காவிட்டால் கரை உடையும். கரை உடைந்தால் செங்கமலத்தின் வளை இருந்த இடம் தெரியாது, குட்டியும் இருந்த இடம் தெரியாது.

அதுவரை மதகைத் தூக்கிவந்தது ஒரு யானை. தூக்குவதற்கு முன்னால் பிளிறும், தூக்கும்போது பிளிறும், தூக்கி முடித்தபின் காடே எழுந்துவந்து பாராட்டும்வரை பிளிறும். அதற்கு ஒரு கோயிலில் வேலை கிடைத்தது. வேளாவேளைக்குக் கவளம், குளியல், நெற்றியில் பட்டம். போகாமல் இருக்குமா? அது போய்விட்ட வருடத்து மழையில் சிங்கராஜாவின் வால் நனைந்தது. மறுநாளே, மதகைத் தானாகத் திறக்கும் எந்திரம் ஒன்று வாங்க உத்தரவாயிற்று. கரையின் கீழே இருந்தவர்கள் அதற்கு முன் எத்தனையோ முறை கேட்டும் வராத உத்தரவு அது.

எந்திரம் வந்தது. உள்ளங்கையளவு பலகை, ஒரு மோட்டார், ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு பகுதி எழுதுவது என்று சபையில் முடிவானது. பொழுது முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கும் கொக்கு, நீர்மட்டத்தைக் கவனிக்கும் பகுதியை எழுதியது. குரங்கு, மோட்டாரைச் சுழற்றி மதகைத் திறந்து மூடும் பகுதியை எழுதியது. நரி மந்திரி, ஒலிபெருக்கியில் ஒலிப்பதற்காக ராஜாவுக்கு ஒரு வாழ்த்துரை எழுதியது. மூன்றில் எது நீளம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இங்கேதான் ஒரு சிக்கல். அந்தப் பலகையின் ஞாபகம் என்பது லைன் வீடு மாதிரி வரிசையாக எண் போட்ட அறைகள். முதல் அறையின் எண் பூஜ்யம். கொக்கு தன் மரத்தில் உட்கார்ந்து எழுதியபோது, தன் பகுதி பூஜ்ய அறையில் தொடங்குவதாக வைத்துக்கொண்டு எழுதியது. குரங்கு தன் மரத்தில் உட்கார்ந்து அதையே செய்தது. நரியைக் கேட்கவே வேண்டாம். கொக்கு நடுவில் ஓரிடத்தில், ‘தண்ணீர் ஏறிவிட்டால் குரங்கின் அறைக்குப் போ’ என்று எழுதியிருந்தது. ஆனால் எந்திரத்துக்குக் குரங்கையும் தெரியாது, கொக்கையும் தெரியாது. அதற்கு எண் சொன்னால்தான் புரியும். ஆகவே யாராவது ஒருவர் இந்த மூன்றையும் வாங்கி, இன்னது இன்ன அறையில் தொடங்கும் என்று நிரந்தரமாக எண் போட்டு, ‘குரங்கின் அறை’ என்று வருமிடத்தில் எல்லாம் அந்த எண்ணை நிரப்பி, பலகையில் ஏற்ற வேண்டும்.

அதற்கென்று ஒரு கருவி உண்டு. பெயர் இருத்தி. அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே வரியில் கட்டளையைத் தட்ட வேண்டும். அந்த வேலை செங்கமலத்திடம் வந்தது. யாருக்கும் எண் போட்டுப் பெயர் வாங்குகிற ஆசை இல்லாததால் வந்தது என்பதே உண்மை.

இருத்திக்கு ஒரு சுபாவம். தட்டிய வரி சரியாக இருந்தால் அது வாயே திறக்காது. சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும். தப்பு இருந்தால் மட்டும்தான் பேசும். செங்கமலத்துக்கு அந்தச் சுபாவம் மிகவும் பிடித்துப்போயிற்று. இந்தக் காட்டில் யாரும் தன்மேல் எரிந்து விழாத ஒரே இடம் அந்தத் திரைதான் என்று அது நினைத்தது.

செங்கமலம் நிதானமாக யோசித்தது. இந்த எந்திரம் கண்விழித்ததும் நேராகப் பூஜ்ய அறைக்குப் போய், அங்கே என்ன இருக்கிறதோ அதைத்தான் முதலில் செய்யும். பிறவிக் குணம், மாற்ற முடியாது. எனவே பூஜ்யத்தில் கொக்கு. அதற்கு அடுத்தாற்போல் குரங்கு. கடைசியில், மதகு திறந்து முடித்தபின் ஒலிக்கும்படி, நரியின் வாழ்த்துரை. யார் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு என்று நம்பியது, பாவம்.

சபை வந்து பார்த்தது. சிங்கராஜா திரைக்கு எதிரே அமர்ந்தது. நரி பக்கத்தில் நின்றது. செங்கமலம் தன் நீண்ட நகங்களால் வரியைத் தட்டி முடித்தது. திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சிங்கம் காத்திருந்தது. கொட்டாவி விட்டது. இன்னும் காத்திருந்தது. எப்போது ஆரம்பிக்கும் என்று கடைசியில் கேட்டது. முடிந்துவிட்டது என்று செங்கமலம் பணிவாகச் சொன்னது.

“நான் வந்து உக்காந்திருக்கேன். அது ஒரு வார்த்தை பேசல. அதுக்குப் பேரு முடிஞ்சதா?” என்றது சிங்கம்.

சரியாக இருந்தால் அது பேசாது என்று செங்கமலம் விளக்கப் பார்த்தது. அந்த விளக்கம் சபையில் எடுபடவில்லை. அந்தக் காட்டில் பேசாமல் இருப்பவர்களைப் பற்றி ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது: ஒன்று, அவர்களுக்கு வேலை தெரியாது, அல்லது, அவர்கள் ராஜாவை மதிப்பதில்லை. நரி, வாழ்த்துரைக்கு எந்த அறை என்று விசாரித்தது. கடைசி அறைகள் என்று தெரிந்ததும் அதன் முகம் மாறிவிட்டது. முதல் அறை ராஜாவுக்கு இல்லாமல் கொக்குக்கா? பூஜ்யத்தில் வாழ்த்தை வைத்தால் எந்திரம் வாழ்த்தையே கட்டளை என்று எடுத்துக்கொண்டுவிடும் என்று செங்கமலம் மன்றாடியது.

“கண்ணு முழிச்சதும் ராஜாவைக் கும்பிடாத எந்திரம் இந்தக் காட்டுக்கு எதுக்கும்மா?” என்று நரி குரலை உயர்த்தியது.

குரல் உயர்ந்ததும் செங்கமலம் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்தாகிவிட்டது. தலை தரையில் படக் குனிந்து சம்மதம் தெரிவித்துவிட்டதாகச் சபை எடுத்துக்கொண்டது. பூஜ்யம்தான் கௌரவமான அறை என்று இதற்குள் சேதி பரவி, தனக்கும் அதுவே வேண்டும் என்று குரங்கு வந்து நின்றது. தண்ணீரைப் பார்ப்பவன் மட்டும் இளப்பமா என்று கொக்கும் கேட்டது.

பந்து பிரிந்ததும் செங்கமலம் வேறு வழியில்லாமல் அவர்கள் சொன்னபடியே தட்டியது. கொக்கு பூஜ்யத்தில், குரங்கு பூஜ்யத்தில், வாழ்த்து பூஜ்யத்தில்.

இப்போது இருத்தி வாயைத் திறந்தது. எச்சரிக்கை: குரங்கு, கொக்கின்மேல் உட்காருகிறது. எச்சரிக்கை: நரி, குரங்கின்மேல் உட்காருகிறது. எச்சரிக்கை: அடியில் இருந்தது அழிகிறது. இப்படி வரிமேல் வரியாகத் திரை நிரம்பி, மேலே ஓடி, மறுபடியும் நிரம்பியது. சபை எழுந்து நின்று கைதட்டியது. என்ன எழுதியிருக்கிறது என்று சிங்கம் கேட்டது. குடிபடைகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று மகாராஜாவை வாழ்த்துவதாக எழுதியிருக்கிறது என்று நரி படித்துச் சொன்னது. இதுவல்லவா வேலை, இதை முதலிலேயே செய்வதற்கென்ன என்று சிங்கம் கேட்டுவிட்டுத் தன் கையாலேயே செங்கமலத்துக்குத் தேக்கிலைப் பொன்னாடை போர்த்தியது.

எந்திரத்தை முடுக்கினார்கள். அது கண்விழித்து, பூஜ்ய அறைக்குப் போய், அங்கே இருந்த வாழ்த்தைக் கட்டளை என்று நம்பி நிறைவேற்றப் பார்த்தது. மதகு விக்கல் எடுத்தாற்போல் ஒரு சாண் ஏறியது, தொப்பென்று விழுந்தது, மறுபடி ஒரு சாண் ஏறியது. எந்திரம் குனிந்து குனிந்து வணக்கம் சொல்கிறது என்றது நரி. சபை மகிழ்ச்சியோடு கலைந்தது.

செங்கமலம் பொன்னாடையோடு வீடு வந்து சேர்ந்தது. வானம் கிழக்கே கறுத்துக்கொண்டிருந்தது. வளையின் பின்சுவரைத் தடவிப் பார்த்தது. ஈரம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி. குட்டி பொன்னாடையில் ஓர் எறும்பைக் கண்டுபிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

மழை பிடிப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். செங்கமலம் திரைக்குத் திரும்பிப் போய், ‘உதவி’ என்று தட்டி, இருத்திக்குத் தெரிந்த வித்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தது. கட்டளையோடு ‘விலாவாரி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், இருத்தி தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே செய்யும் என்று அதில் கண்டது. இப்படி ஒரு வசதி யாருக்குத் தேவைப்படும் என்று அது முன்பெல்லாம் நினைத்ததுண்டு. இப்போது புரிந்தது: ராஜாக்களுக்கு.

மறுநாள் சபையைக் கூட்டி, மகாராஜாவின் பெருமைக்கு நேற்று வந்த வரிகள் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன் என்றது. பொய் சொல்லும்போது தன் குரல் நடுங்காததைக் கேட்டு அதற்கே ஆச்சரியம். கொக்குக்கும் குரங்குக்கும் பெரிய பெரிய எண்ணாகக் கொடுத்திருப்பதாகச் சொன்னது. பெரிய எண் என்றதும் இரண்டும் வாயை மூடிக்கொண்டன. நரிதான் விடவில்லை.

“வாழ்த்து எந்த அறையில?”

“ஒண்ணாம் அறையில, ஐயா.”

“அப்போ பூஜ்யத்துல யாரு?”

“கட்டியக்காரன், ஐயா. ராஜா வர்றப்ப முன்னாடி கட்டியக்காரன் வரணுமில்லையா?”

நரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற வருத்தம்தான். அந்தக் கட்டியக்காரன் வேறொன்றுமில்லை, ‘நேராகக் கொக்கின் அறைக்குப் போ’ என்கிற ஒற்றைக் கட்டளை. கண்விழிக்கும் எந்திரம் பூஜ்யத்தில் அதைப் பார்த்துவிட்டு, வாழ்த்தைத் தாண்டிக் குதித்து, வேலை நடக்கிற இடத்துக்குப் போய்விடும். செங்கமலம் விலாவாரியாகத் தட்டியது. திரை அருவிபோல் கொட்டியது. பார்த்துப் பார்த்துச் சிங்கத்துக்குக் கழுத்து வலித்தது. பரம திருப்தி.

அப்புறம் மழை வந்தது. சும்மா வரவில்லை, அடை மழை. ஏரி ஏறியது. கொக்கு எழுதியது கவனித்தது, குரங்கு எழுதியது மதகைத் திறந்தது, தண்ணீர் வாய்க்காலில் ஓடியது, அளவு இறங்கியதும் மதகு மூடியது. ஒவ்வொரு முறையும் குரங்கின் பகுதி முடிந்ததும் வாழ்த்துரையும் ஒலித்தது. மழை இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. காடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. வளைச் சுவர் காய்ந்தது. செங்கமலம் தன் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக எறும்பு தின்றதில்லை.

மழை கொஞ்சம் விட்டு, புழுக்கம் தொடங்கியது. சிங்கம் சபையைக் கூட்டியது. நரி எழுந்து நிலைமையை எடுத்துரைத்தது. மழை பெய்தது; ஆனால் கரை உடையவில்லை. மகாராஜாவின் வாலில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. ஆகவே இந்த மழை நல்ல மழை. நல்ல மழைக்கு எந்திரம் எதற்கு? பக்கத்துக் காட்டில் கரை உடைந்து, கரடி ஒன்று குட்டிகளைத் தோளில் தூக்கிக் கரைசேர்த்து விருது வாங்கிவிட்டது. நம் காட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சும்மா கிடக்கிற மோட்டாரைக் கழற்றிச் சிம்மாசனத்துக்கு விசிறி பண்ணினால் மகாராஜாவுக்காவது உதவும். வியர்த்துக்கொண்டிருந்த சிங்கத்துக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது.

செங்கமலம் முன்னால் வந்தது. மதகு திறந்ததால்தான் கரை நின்றது என்று சொன்னது.

“யார் பார்த்தா?” என்று சிங்கம் கேட்டது.

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யானை இருந்தபோது மதகு திறந்தால் காட்டுக்கே தெரியும், அதுவல்லவா உழைப்பு என்று சபையில் பெருமூச்சு விட்டார்கள். மழை மொத்தமும் இன்னும் பெய்து முடியவில்லை என்று செங்கமலம் சொல்லிப் பார்த்தது. அடுத்த சபை முடிந்ததும் மோட்டாரைக் கழற்றுவது என்று சிங்கம் உறுமலோடு தீர்ப்புச் சொன்னது. உறுமல் கேட்டதும் செங்கமலம் வழக்கம்போல் பந்தானது.

பந்துக்குள்ளே இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. குட்டியின் மூச்சு வயிற்றில் பட்டது. செங்கமலத்துக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஆத்திரத்தில் அது பல்லைக் கடித்திருக்கும், ஆனால் அழுங்குக்குப் பல் கிடையாது.

அது திரைமுன் போய் உட்கார்ந்தது. பழைய வரியை எடுத்து, ஒரே ஓர் எண்ணை மாற்றியது. குரங்குக்கும் வாழ்த்துக்கும் ஒரே அறை.

எச்சரிக்கை: நரி, குரங்கின்மேல் உட்காருகிறது என்றது இருத்தி.

“தெரியும்” என்றது செங்கமலம். அந்தத் திரையோடு அது பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த சபைக்குக் குறித்த நாளில் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஏரி ஏறியது. செங்கமலம் குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு கரைமேல் போய் நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கரை எதுவரை தாங்கும் என்று அதற்குத் தெரியும். காலமெல்லாம் அந்தக் கரையின் ஈரத்தைத் தடவிப் பார்த்து வளர்ந்த பிராணி அது. இருந்தாலும் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது. சரியாக ஓடிக்கொண்டிருந்ததைத் தன் நகத்தாலேயே கெடுத்துவிட்டோமே என்று கூசியது. ஆனால் கீழே தன் வளை வாசலும் தெரிந்தது.

நீர்மட்டம் ஏறியதைக் கொக்கின் பகுதி கவனித்து, குரங்கின் அறைக்கு ஆளனுப்பியது. அங்கே குரங்கு இல்லை, வாழ்த்துரை உட்கார்ந்திருந்தது. மதகுக்கு விக்கல் எடுத்தது. ஒரு சாண் ஏற்றம், ஒரு தொப். தண்ணீர் சிங்கத்தின் குகைக்குள் எட்டிப் பார்த்தது. பார்த்தது பிடித்துப்போய் உள்ளேயே வந்துவிட்டது. சிங்கம் வாலில் ஈரம் பட்டு எழுந்தது. எழுந்து நிற்பதற்குள் கணுக்கால், நின்றபின் முழங்கால். பக்கத்து வளையிலிருந்து நரி மந்திரி பாயோடு மிதந்து வந்து சேர்ந்தது.

காடே கரைக்கு ஓடிவந்தது. அழுங்கு எங்கே, அழுங்கைக் கூப்பிடு என்று சிங்கம் போட்ட கூச்சலில் மரங்கள் ஆடின. செங்கமலம் ஓடவில்லை. குட்டி விழுந்துவிடாமல் மெதுவாக நடந்து வந்தது. தன்மேல் இவ்வளவு கூச்சல் விழுந்தும் சுருளத் தோன்றவில்லை என்பதை அது நடக்கும்போதே கவனித்தது. தண்ணீர் சிங்கத்தின் முழங்காலில் நின்றது. கணக்கு சரி.

“தள்ளுங்க, தள்ளுங்க, காத்து வரட்டும்” என்று சத்தம் போட்டுக்கொண்டு அது திரைமுன் உட்கார்ந்தது. அவசியமில்லாமல் நெற்றியைத் துடைத்தது. ஒருமுறை எழுந்து மதகைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்தது. பிறகு பழைய வரியை, அந்த எண்ணைச் சரியாக்கி, விலாவாரியாகத் தட்டியது. திரை கொட்டியது. கூட்டம் மூச்சு விடவில்லை. எந்திரம் கண்விழித்து, கட்டியக்காரனைப் பார்த்து, கொக்கிடம் போய், குரங்கிடம் போனது. மதகு முழுசாகத் தூக்கிக்கொண்டது. தண்ணீர் ஓவென்று வாய்க்காலில் பாய்ந்தது. காடு ஆரவாரம் செய்தது. குட்டி வால்மேல் எழுந்து நின்று பார்த்தது.

எல்லாம் முடிந்ததும் ஒலிபெருக்கி, மூவுலகும் நடுங்கும் முடிவேந்தே என்று ஆரம்பித்தது.

“யாராவது முதல்ல அதை நிறுத்துங்கய்யா” என்றது நனைந்த சிங்கம்.

செங்கமலத்தின் வேலை அன்றே நிரந்தரமாக்கப்பட்டது. ஏரி காத்த செல்வி என்ற பட்டமும், புதிய தேக்கிலைப் பொன்னாடையும், ஏரியைப் பார்த்தபடி ஒரு குகையும் அறிவிக்கப்பட்டன. குகையை மட்டும் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பதவிக்கு ஆசைப்படாத உத்தமி என்று சபை கண்கலங்கியது. அந்தக் குகைகளுக்குள் தண்ணீர் எப்போது வரும் என்று அதைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் காட்டில் யாரும் இல்லை. விசிறி யோசனை சொன்னது யார் என்று சிங்கம் கேட்டபோது, நரி தன் பாயைக் காயவைக்கப் போயிருந்தது.

சபை கலையுமுன் சிங்கம் செங்கமலத்தைத் தனியே அழைத்தது. இந்த மாதிரி ஆபத்து இனிமேலும் வருமா என்று கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டது.

செங்கமலம் வானத்தைப் பார்த்தது. சிம்மாசனத்தைப் பார்த்தது. வாலில் தூங்கிப்போன குட்டியைப் பார்த்தது.

“வருஷத்துக்கு ஒரு தடவை வரும், மகாராஜா. நான் பார்த்துக்கிறேன்” என்றது.

நீதி: வேலை சரியாக நடந்தால் அது நடந்ததே யாருக்கும் தெரியாது. ஆகவே உங்கள் வேலை நிலைக்க வேண்டுமானால், வருடத்துக்கு ஒருமுறை மேலிடத்தின் வாலை நனைத்து வையுங்கள். முழங்காலுக்கு மேல் வேண்டாம்.